ஆக்குவோரும் பாவிப்போரும்: இணையப்பக்க வடிவமைப்பில் மனித - கணனி இடைத்தாக்க ஆய்வாளரின் பங்கு

கருவியைக் கையாளும்போது இடர்ப்பாடு தோன்றுமாயின் அதற்குப் பொறுப்பானவர் யார்? கையாள்பவரின் அறியாமையே காரணம் என்பது கருவியை ஆக்கியோர் வழமையாகத் தரும் விடை. மனித இயல்புக்கு ஒவ்வாத வகையில் கருவி ஆக்கப்பட்டமையே காரணம் என்பது மற்றைய விடை. கைத்தொழிற் புரட்சிக் காலந்தொட்டு இவ்விரு விடைகளும் ஒன்றோடொன்று பொருதி வந்துள்ளன. இணையப்பக்க வடிவமைப்பின் வரலாற்றையும் இப்பொருதலின் ஓர் அத்தியாயமாகவே நோக்குதல் வேண்டும்.

இது வெறும் அழகியற் பிரச்சினை அன்று. அரச சேவைகளும் வங்கிக் கருமங்களும் கல்வி அனுமதிகளும் இணையப் பக்கங்களின் வழியே நடைபெறும் காலத்தில், ஒரு படிவத்தை நிரப்ப இயலாதவர் அப்படிவத்துக்குரிய சேவையையே இழந்துவிடுகின்றார். பக்கத்தின் அமைப்பு இங்கு உரிமையின் வாயிலாகிவிடுகின்றது. இவ்வாயிலை அமைப்பதில், மனிதர் கணனியை எவ்வாறு விளங்கிக் கையாளுகின்றனர் என்பதனை ஆராயும் அறிஞர் குழாத்தினர் எப்போது, எவ்வாறு பங்கு கொண்டனர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பக்கம் முடிவுற்ற பின்னர் வழங்கப்பட்ட அறிவுரையாக இருந்தவரை அவர்களது அறிவு பெரும்பயன் விளைக்கவில்லை என்பதும், பாவனையாளரின் இடர்ப்பாடு சான்றாக ஏற்கப்பட்டு, அச்சான்று ஆக்குவோரைக் கட்டுப்படுத்தும் நியமமாக மாறிய இடங்களிலேயே அது வலுப்பெற்றது என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்துக்களாகும்.

துறையின் தோற்றம்

மனித - கணனி இடைத்தாக்கம் என வழங்கும் ஆய்வுத்துறை இணையத்துக்கு முற்பட்டது. 1968 டிசெம்பர் 9ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கல்பார்ட் தமது குழுவினருடன் நிகழ்த்திய செயல்விளக்கத்தில் சுட்டி, திரையில் உரையைத் திருத்துதல், ஓர் உரைப்பகுதியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுதல் என்பன பொதுமேடையில் காட்டப்பட்டன. 1978இல் செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ற்றோ ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஸ்ருவட் கார்ட் முதலானோர், திரையிலுள்ள ஓர் இடத்தைச் சுட்டுவதற்குச் சுட்டி ஏனைய சாதனங்களிலும் விரைவானது என்பதை அளந்து காட்டினர். உளவியலாளர் போல் பிற்ஸ் 1954இல் வகுத்த விதியொன்று இவ்வளவீட்டுக்கு அடிப்படையாயிற்று. இலக்கு சிறிதாகவும் தூரமாகவும் இருப்பின் கை அதனை அடைய எடுக்கும் நேரம் கூடும் என்பதே அவ்விதியின் சாரம். பொத்தான் ஒன்றின் பருமன் தனிமனித இரசனைக்குரிய விடயமன்று. அளந்தறியத்தக்கது என்ற நிலைப்பாடு இவ்வாறு உருப்பெற்றது.

1982 மார்ச்சில் மேரிலாந்து மாநிலத்தின் கேதர்ஸ்பேர்க் நகரில் நடைபெற்ற மாநாடு இத்துறையினரை ஒருங்கு திரட்டியது. அதே ஆண்டில் அமெரிக்கக் கணனிச் சங்கத்தினுள் இத்துறைக்கெனத் தனிக்குழு அமைந்தது. 1988இல் டொனால்ட் நோர்மன் அன்றாடப் பொருட்களின் உளவியல் பற்றி எழுதிய நூல், கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தடுமாறுபவரிடத்துக் குற்றமில்லை, கதவின் அமைப்பிலேயே குற்றமுண்டு என்ற கருத்தைப் பொது வாசகரிடையேயும் பரப்பியது.

அமெரிக்க மரபு ஆய்வுகூடத்திலிருந்து வளர, ஸ்கண்டிநேவிய நாடுகளில் வேறொரு மரபு தொழிற்சங்கங்களிலிருந்து வளர்ந்தது. நோர்வேயில் 1970களின் தொடக்கத்தில் கிறிஸ்ரன் நைகார்ட் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்துடன் இணைந்து, தொழிற்சாலைகளில் புகுத்தப்படும் கணனி முறைமைகளைத் தொழிலாளரே ஆராய்ந்து தமது கோரிக்கைகளை வகுக்க வழிசெய்தார். 1981 முதல் 1985 வரை சுவீடனிலும் டென்மார்க்கிலும் நடைபெற்ற 'உற்றோப்பியா' செயற்றிட்டத்தில் ஆய்வாளரும் அச்சகத் தொழிலாளரும் ஒன்றாயிருந்து பத்திரிகைப் பக்கங்களை ஆக்கும் கணனி முறைமையை வடிவமைத்தனர். இயந்திரம் உருவாகுமுன்னரே கடதாசியாலும் அட்டைப்பெட்டிகளாலும் அதன் மாதிரிகளை அமைத்து, தொழிலாளர் தம் வேலையை அவற்றின் மீது நடித்துப் பார்த்தனர். பாவனையாளர் பரிசோதிக்கப்படும் பொருள் என்ற நிலையிலிருந்து வடிவமைப்பின் பங்காளர் என்ற நிலைக்கு உயர்ந்தமை இம்மரபின் சிறப்பாகும்.

வலையின் பிறப்பும் விடுபட்ட தொடர்பும்

இத்தகைய அறிவுச்சேமிப்பு இருந்தும் உலகளாவிய வலை அதன் மடியில் பிறக்கவில்லை. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் என்னும் ஐரோப்பிய அணு ஆய்வு நிலையத்தில், பல நாட்டுப் பௌதிகவியலாளர் வந்தும் போயும் கொண்டிருந்தமையால் தகவல்கள் சிதறி மறைந்தன. இதற்குத் தீர்வாகவே 1989 மார்ச்சில் ரிம் பேர்னர்ஸ் லீ தமது முன்மொழிவை எழுதினார். 1990இன் முடிவில் அவர் ஆக்கிய முதல் உலாவியில் பக்கங்களை வாசிக்கவும் முடிந்தது, எழுதவும் முடிந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. வாசகரும் எழுத்தாளரும் ஒருவரே என்ற எண்ணம் வலையின் மூலவடிவில் இருந்தது.

வலைக்கும் மனித - கணனி இடைத்தாக்கத் துறைக்கும் உறவே இருக்கவில்லை எனக் கூறுதல் பொருந்தாது. உரையின் இடையிலுள்ள சொற்களையே ஒளிரச் செய்து, அவற்றைத் தெரிவு செய்தால் தொடர்புடைய பகுதிக்குச் செல்லும் முறையை மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மனும் மாணவரும் 1980களிலேயே ஆராய்ந்து பயன்படுத்தியிருந்தனர். பிற்கால இணைப்புச் சொற்களின் முன்னோடிகளுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம். எனினும், இத்துறையோடு நெருங்கிய உறவுடைய மீயுரை ஆய்வாளரின் 1991ஆம் ஆண்டு மாநாடு டிசெம்பர் மாதம் ரெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்ரோனியோவில் கூடியபோது, பேர்னர்ஸ் லீயும் றொபேட் காயோவும் அனுப்பிய கட்டுரை ஏற்கப்படவில்லை. செயல்விளக்கம் காட்டுவதற்கு மட்டுமே இடமளிக்கப்பட்டது. அக்கால மீயுரை முறைமைகள் சிலவற்றில் இணைப்புகள் இருதிசையிலும் செல்வனவாயிருந்தன. வலையிலோ இணைப்பு ஒருதிசைப்பட்டது, அது சுட்டும் பக்கம் அழிக்கப்பட்டால் வெறுமையையே காட்டுவது. ஆய்வாளர் நோக்கில் வலை ஒரு பின்னடைவாகத் தோன்றியிருப்பின் அதில் வியப்பில்லை. ஆனால் அதன் எளிமையே அதன் பரவலுக்குக் காரணமாயிற்று. 1993 ஏப்ரல் 30ஆம் திகதி சேர்ன் நிறுவனம் வலையின் மென்பொருளைக் கட்டணமின்றி எவரும் பயன்படுத்தலாம் என அறிவித்ததும் அப்பரவலைத் துரிதப்படுத்தியது.

எளிமையால் வென்ற ஒரு சாதனத்தை அறிஞர் புறக்கணித்தமையும், அறிஞரின் அறிவின்றியே அச்சாதனம் வளர்ந்தமையும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்களாகும். இவ்விடைவெளியின் விலையை அடுத்த பத்தாண்டில் பாவனையாளரே செலுத்த நேர்ந்தது.

அலங்கார காலமும் ஆய்வாளரின் தலையீடும்

இல்லினோய் பல்கலைக்கழகத்தில் 1993இல் உருவான மொசையிக் உலாவி, படங்களை உரையோடு ஒரே பக்கத்தில் காட்டியது. அது வாசிப்பதற்கு மட்டுமே உரியதாயிற்று. எழுதும் வசதி அதில் இல்லை. 1994இல் நெற்ஸ்கேப் உலாவியும் 1995இல் மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் உலாவியும் வெளிவந்ததன் பின்னர் இரு நிறுவனங்களும் சந்தைக்காகப் போட்டியிட்டன. கண்சிமிட்டும் எழுத்துக்களும் பக்கத்தைத் துண்டாடும் சட்டகங்களும் பாவனையாளர் தேவையை ஆராய்ந்ததன் விளைவுகளல்ல, போட்டியின் விளைவுகள். அச்சுத்துறையிலிருந்து வந்த வடிவமைப்பாளர் பக்கத்தை அசையாத் தாளாகக் கருதினர். தரவுகளைக் காட்டுவதற்குரிய அட்டவணைகளை அழகுக்கான சாரமாக்கினர். வாசகரின் திரை அளவும் பார்வைத்திறனும் வேறுபடும் என்பது மறக்கப்பட்டது.

இக்காலத்தில் எழுந்த ஒரு முன்மொழிவு சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. 1994 ஒக்ரோபரில் நோர்வேயைச் சேர்ந்த ஹோகன் வியூம் லீ பக்கத்தின் உள்ளடக்கத்தையும் தோற்றத்தையும் பிரிக்கும் முறையொன்றை முன்வைத்தார். எழுத்தின் அளவு, நிறம் முதலியவற்றில் ஆக்கியோரின் விருப்பமும் வாசகரின் விருப்பமும் ஒன்றோடொன்று இணக்கம் காணவேண்டும் என்பது அதன் உள்ளீடான கொள்கை. 1996 டிசெம்பரில் அது நியமமாக வெளியாயிற்று. உலாவி நிறுவனங்கள் அதனை முழுமையாகவும் ஒருமித்தும் நடைமுறைப்படுத்தப் பல்லாண்டுகள் சென்றன. நடைமுறையில் ஆக்கியோரின் விருப்பமே மேலோங்கியது.

ஆய்வாளரின் தலையீடு இக்காலத்திலேயே வலுப்பெற்றது. டென்மார்க்கைச் சேர்ந்த ஜேக்கப் நீல்சன் 1990இல் றொல்ப் மொலிக்குடன் இணைந்து, சில பொதுவிதிகளைக் கொண்டு இடைமுகமொன்றின் குறைகளைக் குறைந்த செலவில் கண்டறியும் முறையை வகுத்திருந்தார். 1995 முதல் அவர் இணையப்பக்கங்களுக்கு அம்முறையைப் பிரயோகித்து எழுதி வந்தார். 1997இல் அவர் வெளியிட்ட ஆய்வு முடிவின்படி, சோதிக்கப்பட்டோரில் 79 வீதத்தினர் பக்கத்தை மேலோட்டமாகவே நோக்கினர். 16 வீதத்தினரே சொல்லுக்குச் சொல் வாசித்தனர். கனடாவின் கல்கரிப் பல்கலைக்கழகத்தில் லிண்டா ரவுஷரும் சோல் கிறீன்பேர்க்கும் அதே ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, பார்க்கப்படும் பக்கங்களில் ஏறத்தாழ 58 வீதமானவை முன்னரே பார்க்கப்பட்டவை எனக் காட்டியது. மீண்டு செல்லுதல் பாவனையாளரின் அன்றாட வழக்கம் என்பது இதனால் நிறுவப்பட்டது. சட்டகங்களைப் பயன்படுத்திய பக்கங்களோ அவ்வழக்கத்தையே குழப்பின. திரும்பிச் செல்லத் தெரியாத பாவனையாளர் என்று கருதப்பட்டவர், உண்மையில் திரும்பிச் செல்லும் வழி அடைக்கப்பட்ட பாவனையாளராவார்.

இவ்வாய்வுகளும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவையல்ல. ஐந்து பேரைக் கொண்டு சோதித்தால் பெரும்பாலான குறைகள் புலப்படும் என்ற நீல்சனின் கூற்று பரவலாக ஏற்கப்பட்ட அதேவேளை, 2001இல் ஜாரெட் ஸ்பூல் முதலானோர் பெரிய இணையத்தளங்களுக்கு அவ்வெண்ணிக்கை போதாதென வாதிட்டனர். இத்தகைய விவாதமே ஒரு துறை அறிவியல் நெறிப்பட்டு இயங்குகின்றது என்பதற்குச் சான்று. ஆயின் பல நிறுவனங்கள் சோதனையை இறுதிக்கட்டச் சடங்காகவே நடத்தின. அத்திவாரம் இட்டு, சுவர் எழுப்பி, கூரையும் வேய்ந்த பின்னர் கட்டடக் கலைஞரை அழைத்து அபிப்பிராயம் கேட்பதற்கு இது ஒப்பாகும்.

அறிவுரையிலிருந்து நியமத்துக்கு

அறிவுரை கட்டுப்பாடாக மாறிய வரலாறு மாற்றுத்திறனாளிகளின் உரிமைப் போராட்டத்தோடு இணைந்தது. பார்வையற்றோர் பக்கத்தின் உரையைக் குரலாக்கும் மென்பொருளைக் கொண்டு இணையத்தை வாசிக்கின்றனர். படத்துக்கு விளக்கச்சொல் தரப்படாவிடின் அவருக்கு அவ்விடம் வெற்றிடமே. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் ரேஸ் ஆய்வு நிலையத்தில் கிரெக் வண்டர்ஹைடன் முதலானோர் 1990களின் நடுப்பகுதியிலிருந்து இதுபற்றிய வழிகாட்டி நெறிகளைத் தொகுத்தனர். 1997இல் வலை நியமங்களை வகுக்கும் கூட்டமைப்பு அணுகுவசதிக்கெனத் தனி முயற்சியொன்றைத் தொடக்கியது. விஸ்கொன்சின் தொகுப்பு அதன் தொடக்கப் புள்ளியாக அமைய, 1999 மே 5ஆம் திகதி 14 நெறிகள் கொண்ட முதலாவது பதிப்பு வெளியாயிற்று. 2008, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் அது புதுக்கியும் விரித்தும் வெளியிடப்பட்டது. ஆய்வாளர், நிறுவனத்தார், மாற்றுத்திறனாளிகளின் பிரதிநிதிகள் ஆகிய மூன்று சாராரும் ஒரே மேசையில் அமர்ந்து வகுத்தமை இந்நெறிகளின் பலமாகும்.

நெறி வேறு, அதற்குக் கீழ்ப்படிதல் வேறு. அவுஸ்திரேலியாவில் நிகழ்ந்த வழக்கொன்று இவ்விடைவெளியைத் தெளிவாக்குகின்றது. பார்வையற்றவரான புறூஸ் மக்குவயர், சிட்னி ஒலிம்பிக் போட்டியின் இணையத்தளத்தைத் தம்மால் வாசிக்க இயலவில்லையென 1999இல் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டார். படங்களுக்கு விளக்கச்சொல் இன்மையும், போட்டி முடிவுகளின் அட்டவணைகள் வாசிக்கத்தக்கனவாக இன்மையும் அவரது முறைப்பாட்டில் அடங்கின. மாற்றியமைப்பதற்குப் பெரும் செலவாகும் என ஏற்பாட்டுக் குழு வாதிட்டது. ஆணைக்குழு அவ்வாதத்தை நிராகரித்து, 2000 ஓகஸ்டில் குழுவினர் பாரபட்சம் காட்டியதாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு முழுமையாக நிறைவேற்றப்படாமையால் பின்னர் 20,000 டொலர் நட்டஈடும் விதிக்கப்பட்டது. இணையப்பக்கத்தை வாசிக்க முடியாத நிலை பாவனையாளரின் குறையன்று, ஆக்கியோரின் சட்டமீறல் என்பது இவ்வழக்கில் அதிகாரபூர்வமாக உரைக்கப்பட்டது.

பிரித்தானியாவில் 2011இல் நிறுவப்பட்ட அரச இணையச் சேவைப் பிரிவு வேறொரு வழியைக் காட்டியது. 2012 ஒக்ரோபரில் பல அரச தளங்களுக்குப் பதிலாக ஒரே தளத்தை அது திறந்தது. பாவனையாளர் ஆய்வாளர் வடிவமைப்புக் குழுக்களிலேயே அங்கத்தவராயினர். திணைக்களத்தின் அமைப்பைப் பின்பற்றாமல் பொதுமக்களின் தேவையைப் பின்பற்றிப் பக்கங்களை ஒழுங்குபடுத்துதல் விதியாக்கப்பட்டது. ஸ்கண்டிநேவியத் தொழிலாளர் அட்டைப்பெட்டிகளைக் கொண்டு தொடக்கிய மரபின் தூரத்து எதிரொலியை இங்கு கேட்கலாம். ஆயின் ஒரு வேறுபாடும் உண்டு. அங்கே தொழிலாளர் தம் சங்கத்தின் பலத்தோடு பேசினர். இங்கே பொதுமக்களின் குரலை ஆய்வாளரே எடுத்துரைத்தனர்.

அறிவின் மறுபக்கம்

வரலாறு முன்னேற்றமாகவே செல்வதென முடிவு கட்டுவது தவறாகும். மனிதரின் கவனம் எங்கு செல்லும், கை எதனை முதலில் அழுத்தும் என்பனவற்றை அறிந்தவர் அவ்வறிவை அவருக்கு எதிராகவும் பயன்படுத்தலாம். ஒரே அழுத்தத்தில் அங்கத்துவம் பெறச் செய்து, விலகும் வழியைப் பல பக்கங்களின் அடியில் மறைக்கும் வடிவமைப்புகளுக்கு 2010இல் ஹரி பிரிக்னல் 'இருள்வடிவங்கள்' என்ற பொருள்படப் பெயரிட்டார். 2019இல் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தார் முதலானோர் ஏறத்தாழ 11,000 விற்பனைத் தளங்களை ஆராய்ந்து 1,818 இடங்களில் இத்தகைய அமைப்புகளைக் கண்டனர். இவற்றை ஆக்கியோர் பாவனையாளரைப் பற்றி அறியாதவரல்லர், நன்கறிந்தவர். 1990களின் பிழைகள் அறியாமையின் விளைவுகளாயின், இவை அறிவின் விளைவுகள்.

இங்கும் பரிகாரம் தேடியவருள் அதே துறையின் ஆய்வாளர் முன்னின்றனர். அவர்கள் வகைப்படுத்திக் காட்டிய பின்னரே சட்டமியற்றுவோர் இதனைக் கையிலெடுத்தனர். 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் நிறைவேற்றிய எண்மச் சேவைகள் சட்டத்தின் 25ஆம் உறுப்புரை, பாவனையாளரை ஏமாற்றும் அல்லது அவரது சுதந்திரமான தெரிவைக் குலைக்கும் இடைமுகங்களைத் தடைசெய்கின்றது.

எய்தப்பட்டது எவ்வளவு என்பதையும் நடுநிலையோடு மதிப்பிட வேண்டும். மிகுதியாகப் பார்க்கப்படும் பத்து இலட்சம் தளங்களின் முகப்புப் பக்கங்களை வெப்எய்ம் என்னும் அமெரிக்க நிறுவனம் 2019 முதல் ஆண்டுதோறும் தன்னியக்கக் கருவியால் சோதித்து வருகின்றது. அணுகுவசதி நெறிகளை மீறியவை 2019இல் 97.8 வீதமாயிருந்தன, 2024இல் 95.9 வீதமாயிருந்தன. கால் நூற்றாண்டு காலம் நெறிகள் இருந்தும் நிலைமை இத்தகையது. அறிவு இல்லாமையால் நேர்ந்த நிலை இதுவன்று. கேட்பதற்குக் கடமைப்படாதவரிடம் அறிவு சொல்லப்பட்டமையால் நேர்ந்த நிலை இது.

நமக்குரிய படிப்பினை

இவ்வரலாறு தமிழ் வாசகருக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1990களின் பிற்பகுதியில் தமிழ் இணையத்தளங்கள் தத்தமக்கெனத் தனித்தனி எழுத்துருக் குறிமுறைகளைக் கையாண்டன. ஒரு பத்திரிகையை வாசிக்க ஓர் எழுத்துருவும் இன்னொன்றை வாசிக்க வேறொன்றும் வாசகரே தேடிப் பதிய வேண்டியிருந்தது. ஆக்குவோர் தமக்குள் இணக்கம் காணாமையின் சுமை வாசகரின் தோளில் ஏற்றப்பட்டது. 1999இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாடு பொதுக் குறிமுறைகளைப் பரிந்துரைத்தது. பின்னர் ஒருங்குறி பரவலானதும் அச்சுமை பெரிதும் நீங்கியது. இங்கும் நியமமே வாசகரை விடுவித்தது.

இன்னும் தீராதன பல. ஆங்கிலச் சொல்லின் நீளத்துக்கு அளந்த பொத்தானுள் தமிழ்ச்சொல் அடங்குவதில்லை. வரி முறிந்து எழுத்துக்கள் ஒன்றன்மேலொன்று ஏறுகின்றன. மொழிபெயர்ப்புச் சொல் விளங்காமையால் ஆங்கிலப் பக்கத்துக்கே மாறும் தமிழர் இருக்கின்றனர். இலங்கையில் 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அவ்வுரிமை இணையப்பக்கத்தில் நிறைவேறுவதற்கு மொழிபெயர்ப்பு மட்டும் போதாது. தமிழில் வாசிப்பவரை அருகிருத்திச் சோதித்தறிதலும் வேண்டும்.

இதனைக் கணனி விஞ்ஞானத்தாரின் பணியென ஒதுக்கிவிட முடியாது. நாம் மேலே கண்ட வரலாற்றில் உளவியலாளர் உளர், தொழிற்சங்கத்தார் உளர், சட்டவாளரும் உளர். எந்தச் சொல் எவருக்கு விளங்கும் என்பது மொழியியல் வினா. முறையிட அஞ்சும் பாவனையாளர் யார் என்பது சமூகவியல் வினா. கலைப்பீடத்தின் பயிற்சிக்கு இவை புறம்பானவையல்ல. ஒரு படிவத்தின் முன் தடுமாறும் முதியவரைக் கண்டால், அவர் எந்த இடத்தில், எந்தச் சொல்லில், எதனால் தடுமாறினார் என்பதைக் குறித்துவைத்தல் ஆய்வின் முதற்படி. அக்குறிப்பைப் பக்கம் ஆக்கப்படுமுன்னரே ஆக்குவோரின் மேசைக்குக் கொண்டு செல்வது இரண்டாம் படி. அதனைப் புறக்கணிக்க முடியாத நியமமாக்குவது மூன்றாம் படி. முதலிரு படிகளையும் மாணவரும் விரிவுரையாளரும் இன்றே தொடக்கலாம். மூன்றாவதற்குப் பொதுமக்களின் கோரிக்கையும் உடன்வர வேண்டும்.